பாட்டி தைத்த மோகனாம்பாள்!

வடக்குத்துவில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பைண்டிங் புத்தகம் இருக்கிறது. 1950-களில் ஆனந்த விகடனில் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரை, வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது என் பாட்டி. ‘கலைமணி’ என்ற பெயரில் கதை எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. பாட்டி சேர்த்ததோ கோபுலுவின் படங்களுக்காக!

பொழுதுபோக்காக இணையத்தில் காமிக்ஸ் வரையும் நண்பர்கள் சொல்வார்கள்: ஆரம்பிப்பது சுலபம். ஐம்பதாவது வாரமும் அதே ஆள் அதே ஆளாகத் தெரிய வேண்டும், அதுதான் பாடு. பாட்டுக்காரர்களை வரைந்தால் இன்னும் சிக்கல். தாளில் சத்தம் வராதே!

கோபுலு 1924-ல் பிறந்த தஞ்சாவூர்க்காரர். அவருக்கு அந்தப் பெயரை வைத்த ஓவியர் மாலி, 1941 தீபாவளி மலருக்காகத் திருவையாறுக்கு அனுப்பினார், தியாகராஜர் பூஜித்த ராம பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்துவர. சங்கீதம் புழங்கிய மண்ணிலேயே பழகிய கண் அது. நாதஸ்வரம் என்றால் வெறும் குழலா? உப்பிய கன்னம், தொங்கும் சீவாளிகள், தவில்காரர் விரல்களில் கூடு, பக்கத்தில் ஒத்து ஊதுபவர்... ஒன்று தப்பினாலும் தஞ்சாவூர் வாசகர் சும்மா விடுவாரா?

1968-ல் சினிமாவாக வந்தது. சிவாஜியே நடித்தும், பாட்டிக்குச் சண்முகசுந்தரம் என்றால் கோபுலு வரைந்தவர்தான். சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பில் மட்டும் குறை சொன்னதில்லை.

இப்போது தொட்டாலே தாள் உதிர்கிறது. ஸ்கேன் செய்ய உட்கார்ந்தேன். ஓரத்தில் இருக்கும் படங்கள் முழுதாக விழ, தையலைப் பிரிக்க வேண்டும். பாட்டி கையால் போட்ட தையல். கத்தரிக்கோல் இரண்டு வாரமாகப் பக்கத்திலேயே இருக்கிறது.