சுக்கான் கனக்கும் பிக்கப் வண்டி

சம்பான்கள் வந்தடைந்த துறையே நாளடைவில் சம்மாந்துறையாயிற்று என்பது எம்மூர்ப் பெரியோர் வாய்மொழி. இன்றோ ஊரின் பொருளெல்லாம் ஏறி இறங்குவது பிக்கப் வண்டிகளில்தான். கல்லோயா நீர் பாயும் வயல்களின் நெல் மூடைகளும், கல்முனைக் கரையின் மீன் பெட்டிகளும் இவற்றிலேயே பயணஞ் செய்கின்றன. ஒரே வண்டியை நம்பி உலை வைக்கும் குடும்பங்கள் இங்கே பல. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் தடை தளர்ந்த பின்னரும் வரிச்சுமையால் புது வண்டி பலருக்கு எட்டாக்கனியே. ஆதலின், இருபது ஆண்டு உழைத்த பழைய வண்டியைப் பேணிக் காப்பதன்றி வேறு வழியில்லை.

அத்தகைய வண்டிகளுக்கு அடிக்கடி வரும் நோயொன்று ஸ்டியரிங் கனத்துப் போவதாகும். உடனே, "பம்பு போய்விட்டது" என்று தீர்ப்பளித்து, கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்புவதே வழக்கமாகிவிட்டது. எமக்கு இந்த அவசரத்தில் உடன்பாடில்லை.

முதலில் பம்பின் தொழிலை அறிந்துகொள்வோம். அமெரிக்கப் பொறியியலாளரான பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரந் திருப்பும் முறையை ஒரு பியர்ஸ் ஆரோ காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆயினும் 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் கார் வந்த பின்னரே அது பொதுமக்கள் கைக்கு எட்டிற்று. எஞ்சின் ஒரு பெல்ட்டினால் பம்பைச் சுழற்றுகிறது. பம்பின் உள்ளே சிறு தகடுகள் சுழன்று எண்ணெயைத் தள்ளுகின்றன. சக்கரத்தை முற்றாகத் திருப்பிப் பிடிக்கையில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 இறாத்தல் அளவுக்கு ஏறுவதுண்டு. கார் டயரின் காற்றழுத்தமோ 30 இறாத்தல் அளவினதே! குளக்கட்டு உடையாதிருக்க வான் கட்டியிருப்பதுபோல, மிகையழுத்தத்தை வெளியே விட ஒரு வால்வும் உண்டு. அந்த வால்வை வீணே வருத்தாமலிருக்க, சக்கரத்தை முற்றாகத் திருப்பி ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைத்தலாகாது.

சென்ற பெரும்போக அறுவடையின்போது எமது அயலவரான நெல் வியாபாரியொருவர் கவலையோடு வந்தார்.

"சேர், பம்ப மாத்தி ரெண்டு கிழமையாகல்ல, திரும்பவும் கத்துது."

"பழைய எண்ணெய என்ன செஞ்சீங்க காக்கா?"

"அத வடிச்சி வெச்சித் திரும்ப அதையே ஊத்திட்டாங்க."

நோயின் மூலம் விளங்கிவிட்டது. பழுதான பம்பின் உலோகத் துகள்கள் அவ்வெண்ணெயிலேயே மிதந்தன. வெள்ளைத் துணியில் ஒரு துளி விட்டு வெயிலிற் பிடித்தபோது மீன் செதிள்போல மினுங்கிற்று. புதுப் பம்பையும் அத்துகள்களே அரித்துவிட்டன. இரண்டாவது பம்பின் விலை ஒருபுறமிருக்க, வண்டி நின்ற நாட்களின் வாடகையெல்லாம் அடுத்தவர் வண்டிக்குப் போயிற்று.

ஆதலால் நேயர்களே, பம்பைக் கழற்றுமுன் இவற்றைப் பாருங்கள். முன் டயர்களில் காற்றுக் குறைந்தாலும் ஸ்டியரிங் கனக்கும். எண்ணெய்த் தொட்டியில் அளவு இறங்கியிருப்பின், எங்கே கசிகிறதென்று தேடவேண்டும். திருப்பும்போது கீச்சென்று கூவினால் பெல்ட் வழுக்குகிறது எனலாம். எண்ணெய் நுரைத்திருந்தால், தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் இறப்பர்க் குழாயின் வழியே காற்று நுழைகிறதோ என்று ஐயுறவேண்டும். அங்கே ஒரு கிளிப்பை இறுக்குவதே மருந்தாகலாம். எஞ்சினை நிறுத்தி, முன் சக்கரங்களை ஜாக்கியால் உயர்த்திய பின்னரும் திருப்பக் கடினமாயிருப்பின், குற்றம் பம்பிலன்று, மூட்டுக்களில் உள்ளது.

பெல்ட்டும் எண்ணெயும் சரியாயிருந்தும் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல் கேட்டால், நின்ற இடத்தில் கனத்து வேகங் கூட்டும்போது இலகுவானால், அப்பொழுது பம்பின்மேல் சந்தேகங் கொள்ளலாம். அழுத்தமானி வைத்திருக்கும் திருத்துநர் ஐந்தே விநாடி குழாயை அடைத்து உறுதி செய்துவிடுவார். அவரிடம் போவதே சிக்கனம். பம்பு செயலிழந்தாலும் இரும்பிணைப்பு இருப்பதால் வண்டி திரும்பவே செய்யும். ஆயினும் வாய்க்காலோரத்து ஒடுங்கிய பாதையில் எதிர்பாராமற் கனத்தால் ஆபத்து நேரலாம்.

மாற்றும்போது பழைய எண்ணெய் முழுவதையும் வடித்து, தொட்டியைக் கழுவி, திரும்பிவரும் குழாயை ஒரு போத்தலில் விட்டுப் புது எண்ணெய் தெளிவாக வரும்வரை ஊற்றுக. கழற்றிய எண்ணெயை மீண்டும் ஊற்றவே கூடாது. கைநூல் கூறும் ரகத்தையே வாங்குக. பழைய டொயோட்டா பிக்கப் பலவற்றுக்கு டெக்ஸ்ரன் ரகமே உரியது. பிரேக் எண்ணெயை ஊற்றினால் இறப்பர் சீல்கள் கெட்டுவிடும். இறுக்கமாகப் பொருந்திய கப்பியைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுவது பெருந் தவறு. அவ்வடி உள்ளே உள்ள தகடுகளையும் தாக்கும். அதற்கெனப் புல்லர் உண்டு. அழுத்தக் குழாயின் வளையங்களையும் புதியனவாகப் போடுக.

இறுதியாகக் காற்றை வெளியேற்றல். முன் சக்கரங்களை உயர்த்தி, எஞ்சினை ஓட்டாமலே, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பலமுறை மெதுவாகத் திருப்பி எண்ணெயை நிரப்பவேண்டும். பின்னர் எஞ்சினை மெல்ல ஓட்டி, குமிழிகள் மறையும்வரை மீண்டும் திருப்புக. அயலவரின் இரண்டாம் பம்பை இம்முறைப்படி மாற்றியபோது குமிழிகள் அடங்க அரை மணி நேரம் பிடித்தது. வைக்கோல் தூசு பறக்கும் களத்தில் தொட்டியின் மூடியைத் திறக்குமுன் அதனை நன்கு துடைக்கும்படி அவரிடம் கூறினோம். இப்பொழுது அவருடைய சாரதி தன் ஆசனத்தின் கீழ் ஒரு சுத்தமான துணியை வைத்திருக்கிறார்.