காரியாலயத்தில் ஒரு பழைய சுவிட்ச்

ஆயர் ஈத்தாமிலிருந்து கொடிமலைக்குச் செல்லும் மலை ரயில் 1924ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு வரை அப்பாதை இரு பகுதிகளாக இருந்தது. உச்சிக்குப் போகிறவர்கள் நடு நிலையத்தில் இறங்கி வேறு வண்டியில் ஏறினார்கள். கூட்டம் எவ்வளவு இருப்பினும், ரயிலில் மேலே செல்ல அந்த ஒரே வழிதான். காரியாலயத்தில் இரண்டாவது சுவிட்ச் ஒன்றைச் சேர்க்கும்போதும் நிலைமை ஏறக்குறைய இதுவே.

சுவிட்ச் என்பது யாது? கணினிகளின் கேபிள்கள் வந்து கூடும் பெட்டி அது. எந்தக் கணினி எந்தத் துளையில் இருக்கிறது என்பதைத் தானே அறிந்துகொண்டு, செய்தியை உரிய துளைக்கு மட்டும் அனுப்பும். ஈதர்நெட் கம்பிகளுக்கான இத்தகைய சுவிட்சை 1990இல் விற்பனைக்குக் கொணர்ந்தது, வினோத் பரத்வாஜ் என்னும் இந்தியர் அமெரிக்காவில் தொடங்கிய கல்பனா கம்பெனி. அதில் இருந்தவை ஏழே துளைகள்!

எட்டுத் துளைகளும் நிறைந்துவிட்ட ஒரு சிறு காரியாலயம், வேறோர் இடத்தில் கழித்துப்போட்ட 24 துளைச் சுவிட்சை மலிவாக வாங்குவது சிக்கனமே. ஆனால் அது 'மேனேஜ்டு' வகையாயின் எச்சரிக்கை வேண்டும். அவ்வகைச் சுவிட்ச் தனக்கு இடப்பட்ட கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் மறவாது. பழைய இடத்தில் அதன் துளைகள் 'வீலேன்' என்னும் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம். புதிய இடத்தில் கேபிள் நன்றாயிருக்கும், விளக்கும் எரியும். ஆயினும் ஒரு மேசையின் கணினி அடுத்த மேசையின் அச்சுப்பொறியைக் காணாது. குற்றம் கேபிளில் இல்லை. பழைய உத்தரவில் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, சுவிட்சை எதிலும் இணைக்காமல் தனியே வைத்துப் பழைய கட்டளைகளை அழிப்பதாகும். இரண்டாவது, அதற்குப் புதிய கடவுச்சொல்லும், வேறெந்தக் கருவிக்கும் இல்லாத ஐ.பி. முகவரியும் கொடுப்பது. மூன்றாவது, எல்லாத் துளைகளும் ஒரே வீலேனில் உள்ளனவா என்று பார்ப்பது. இவற்றின் பின்னரே இரு சுவிட்சுகளையும் ஒரு கேபிளால் இணைக்கவேண்டும். பல பழைய சுவிட்சுகளில் சாதாரணத் துளைகள் 100 மெகாபிட் வேகமும், ஓரிரு துளைகள் மட்டும் 1000 மெகாபிட் வேகமும் உடையவை. அந்த வேகத் துளையையே இணைப்புக்கு ஒதுக்குவது நன்று. அதுதான் நமது நடு நிலையம்.

இரண்டு கேபிள்கள் போட்டால் இன்னும் நல்லதன்றோ எனச் சிலர் எண்ணுவர். அங்கேதான் ஆபத்து. எல்லாக் கணினிகளுக்குமாக அனுப்பப்படும் செய்தி ஒரு கேபிளில் போய் மற்றொன்றில் திரும்பி, ஓயாமல் சுற்றும். ஈதர்நெட் செய்திக்கு ஆயுள் வரம்பு கிடையாது. சுற்றச் சுற்றப் பெருகி, சில விநாடிகளில் காரியாலயம் முழுவதையும் நிறுத்திவிடும். இதைத் தடுக்க 1985இல் ராடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 'ஸ்பானிங் ட்ரீ' முறையை வகுத்தார். மிகையான வழியை அது தானே அடைத்துவைக்கும். பழைய சுவிட்சில் இம்முறை நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்தல் அவசியம்.

அம்முறைக்கும் எல்லை உண்டு. சுவிட்சின் பின் சுவிட்சாகத் தொடுத்துக்கொண்டே போனால் அது தடுமாறும். 2002 நவம்பரில் போஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையில் நேர்ந்தது அதுவே. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வளர்ந்த இணைப்பு இந்த எல்லையைத் தாண்டியதால் சில நாட்கள் செயலிழந்தது. மருத்துவர்களும் தாதியரும் மீண்டும் காகிதத்தில் எழுத நேரிட்டது.

பழைய பொருளைப் பயன்படுத்துவது குறையன்று. அதன் பாதுகாப்புக் குறைகளை உற்பத்தியாளர் இனித் திருத்தாமல் இருக்கலாம். ஆதலால் அதை இன்டர்நெட்டுக்கு நேரே காட்டாமல் ரவுட்டருக்கு உட்புறம் வைப்பதே தகும். துளைகளைப் பெருக்குவது எளிது. எந்தத் துளையில் எந்தக் கேபிள் என்று ஒரு தாளில் எழுதிச் சுவிட்சின் அருகே ஒட்டிவைப்பவரே அவ்வேலையை முழுமையாகச் செய்தவராவார்.