சோடாப் போத்தலுக்கு ஏன் வரி?

படுவான்கரையில் நான் வேலை செய்யும் கிராமமொன்றில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. யுத்தத்தில் கணவரை இழந்த அக்கா ஒருவர் அதை நடத்துகிறார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் முதலில் ஓடுவது அங்கேதான். குளிர்ப்பெட்டிக்குள் சிவப்பு, செம்மஞ்சள், கறுப்பு என்று சோடாப் போத்தல்கள் அடுக்கியிருக்கும்.

2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அந்த அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "மிஸ், சோடா விலையை இப்பிடிக் கூட்டிப்போட்டாங்களே, புள்ளையள் வாங்குமா? என்ட யாவாரம் என்ன ஆகும்?"

அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர தமது வரவு செலவுத் திட்டத்தில் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்திருந்தார். பானத்தில் உள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம். 40 கிராம் சீனியுள்ள போத்தலுக்கு வரி மட்டும் 20 ரூபாய். சீனி கூடினால் வரியும் கூடும் என்பதால், சீனியைக் குறைக்கும் கம்பனிக்கு இலாபம். பிரித்தானியாவில் 2018இல் இத்தகைய வரி வந்தபோது பல கம்பனிகள் பானத்தில் சீனியைக் குறைத்தன. மெக்சிக்கோவில் 2014இல் லீற்றருக்கு ஒரு பெசோ வரி விதித்த பிறகு மக்கள் வாங்கும் அளவு குறைந்தது.

எமது நாட்டில் அந்த வரி அப்படியே நிலைக்கவில்லை. 2018 இறுதியிலேயே குறைத்துவிட்டார்கள். எனக்கு அது கவலைதான்.

"எங்கட புள்ளையள் மெலிஞ்சுதானே கிடக்குதுகள், கொழுப்பு எங்க இருக்கு?" என்று சில தாய்மார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மெலிந்த பிள்ளைகள் எமது கிராமங்களில் நிறையவே உண்டு. ஆனால் பத்து மணிக்கு சோடாவும் பிஸ்கட்டும் உள்ளே போனால், மத்தியானம் சோறும் மீனும் கீரையும் இறங்காது. ஒரு பிள்ளை அதனால் மெலியும், இன்னொன்று ஊதும். இரண்டுக்கும் பல் சொத்தை. பிறகு, எமது ஊரில் வீட்டுக்கு வீடு கேட்கும் சீனி வருத்தம்.

இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத் தயக்கமாகவும் இருக்கிறது. இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்த நாட்களில் பிள்ளைக்குப் பால்மா இல்லாமல் தவித்த தாய்மார் நாம். அந்தத் தாய்க்குக் கொழுகொழுவென்ற பிள்ளை என்றால், தான் தோற்கவில்லை என்பதற்குச் சாட்சி. "நான் பட்ட பாடு என்ட புள்ள படக்கூடாது" என்று சொல்லிக்கொண்டு கூலிக்காசில் பெரிய போத்தல் வாங்கிக் கொடுக்கிறாள். அவளிடம் போய் சீனியைக் குறை என்று சொல்வது எனக்கு இலேசாக இல்லை. சமூகவியல் படித்தபோது இதற்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

அதனால்தான் வரி வேண்டும் என்கிறேன். பிள்ளை அழும்போது "இல்லை" என்று சொல்லும் வேலையைத் தாய் ஒருத்தியின் தலையில் மட்டும் போடக்கூடாது. விலையும் கொஞ்சம் சொல்லட்டும். ஏழைதான் வரி கட்டுகிறாள் என்பது உண்மை. ஆனால் கிளினிக் வரிசையில் கூலிநாளை இழந்து நிற்பவளும் அவளேதான்.

விலையைத் தவிர போத்தலிலும் ஒரு செய்தி இருக்கிறது. 2016 ஆகஸ்ட் முதல் சீனி அளவைக் காட்டும் வட்டம் ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். 2க்குக் கீழே பச்சை. செம்மஞ்சளைக் கண்டு ஏமாற வேண்டாம், சகோதரிகளே. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள்தான்; அதில் 400 மில்லிலீற்றர் குடித்தால் 40 கிராம், அதாவது சுமார் பத்துத் தேக்கரண்டி சீனி. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு ஆறு கரண்டியோடு நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். (நாங்கள் தேத்தண்ணிக்குப் போடும் மூன்று கரண்டிக்கு இந்தப் போத்தல் வரி கிடையாது. அது எங்கள் கையில்.)

கடைக்கார அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்த வரிக்காசு எங்க போகுது மிஸ்? புள்ளையள்ர பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு வருமா?" என்றார். திறைசேரிக்குப் போய் மற்றக் காசோடு கலந்துவிடும் என்றேன். "அப்ப அதையும் கேட்டு எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன், அக்கா.