நதி நீர்ப் பிணக்கும் வக்கீலின் கடமையும்

மரக்காணம் கடற்கரையில் வாழ்வோருக்கு நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உப்பளத்துக்கு உவர் நீர் வேண்டும். கழனிக்கு நன்னீர் வேண்டும். மழை வெள்ளம் பாத்தியில் புகுந்தால் உப்புக் கரையும். கடல் நீர் வயலில் ஏறினால் பயிர் கருகும். அண்டை நிலத்தாருக்குள் பிணக்கு எழுந்தால் ஊர்ப் பெரியோர் தீர்த்து வைக்கலாம். இரு மாநிலங்களுக்கிடையே எழுந்தால் வழி என்ன? அதில் வக்கீலின் பணி யாது? காவிரி வழக்கைக் கொண்டு விளக்குவோம்.

முதற் பணி, சட்ட வழியைக் காண்பது. இத்தகைய தகராறுகளைத் தீர்க்க 1956-ம் ஆண்டுச் சட்டம் நடுவர் மன்றத்துக்கு வகை செய்கிறது. அதனை அமைக்க வேண்டியது மத்திய அரசு. காவிரிக்கு மன்றம் எளிதில் அமையவில்லை. தமிழ்நாட்டு விவசாயிகள் சங்கம் ஒன்று 1983-ல் சுப்ரீம் கோர்ட்டை அணுகியது. 1990 மே மாதம் கோர்ட்டு ஆணையிட, ஜூன் 2-ல் மன்றம் அமைந்தது.

இரண்டாவது, சான்று திரட்டுவது. பயிர் வாடுகிறது என்னும் முறையீடு மட்டும் போதாது. 1892, 1924-ம் ஆண்டு ஒப்பந்தங்கள், பாசனப் பரப்பு, பயிர்க்காலம், நீரளவு ஆகிய யாவும் ஆராயப்பட்டன. 2007-ல் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என வகுத்தது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 2018 பிப்ரவரி 16-ல் சுப்ரீம் கோர்ட்டு, பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விட வேண்டிய நீரை 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. பெங்களூரின் குடிநீர்த் தேவை ஒரு காரணம். தமிழ்நாட்டின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி. கணக்கில் சேர்ந்தது மற்றொன்று. கிணற்று நீரும் வழக்கில் எண்ணப்படும் என்பதை விவசாயிகள் கருதுக.

மூன்றாவது, கோர்ட்டின் ஆணைக்கு மதிப்பளிப்பது. கர்நாடகத்துக்காக நெடுங்காலம் வாதிட்டவர் பாலி நாரிமன். 2016 செப்டம்பரில், நீர் விடுமாறு பிறந்த ஆணையை அம்மாநிலம் நிறைவேற்றாதபோது, மேற்கொண்டு வாதிட இயலாதெனக் கோர்ட்டிலேயே அவர் கூறினார். வக்கீல் கட்சிக்காரருக்கு மட்டுமன்றி, நீதிக்கும் கடமைப்பட்டவர் என்பதற்கு இது சான்று. ஆணை மதிக்கப்படாவிடில் கடைமடை விவசாயிக்கு ஏது பாதுகாப்பு?

நம் விழுப்புரம் மாவட்டத்தின் தென்பெண்ணையும் கர்நாடகத்தில் தோன்றுவதே. அதுபற்றித் தமிழ்நாடு தொடுத்த வழக்கில், நடுவர் மன்றம் கோரி மத்திய அரசை அணுகலாம் என 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஏரி நீர்மட்டம், கிணற்றின் ஆழம், சாகுபடிப் பரப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து வைத்தல் நலம். எழுதி வைத்த கணக்கே வக்கீலின் வாதத்துக்கு வலிமை தரும்.