கடவுளை உண்மையாகத் தேடுதல்

கடவுளைத் தேடுதல் என்பது விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலும் புதிய ஏற்பாட்டிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு கருத்தாகும். கோவிலுக்குச் செல்லுதல், நோன்பு இருத்தல், வேண்டுதல் செய்தல் ஆகியவற்றையும் இச்சொல் குறிக்கும். ஆனால் இவற்றைச் செய்பவர் எல்லாரும் கடவுளைத் தேடுபவர் என்று விவிலியம் ஏற்றுக்கொள்வதில்லை. முழு இதயத்தோடு தேடுவதையே அது உண்மையான தேடல் என்கிறது. தான் விரும்பாத விடை கிடைத்தாலும் அதை ஏற்று வாழ்வை மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இருப்பதே இத்தகைய தேடலின் முதன்மையான அடையாளம் என்பதை விவிலிய நிகழ்வுகளும், தமிழ்நாட்டிலும் பஞ்சாபிலும் வாழ்ந்த சிலரின் வரலாறுகளும் காட்டுகின்றன.

சொற்பொருள்

பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தில் தேடுதலைக் குறிக்க இரண்டு வினைச்சொற்கள் மிகுதியாக வருகின்றன. ஒன்று 'தராஷ்'. விசாரித்தல், ஆராய்ந்து அறிதல் என்பது இதன் பொருள். ஒரு குற்றச்சாட்டு மெய்தானா என்று ஊரார் விசாரிப்பதற்கும் இச்சொல்லே வழங்குகிறது. யூத மறைநூல் விளக்கங்களைக் குறிக்கும் 'மித்ராஷ்' என்ற பெயர் இதிலிருந்து பிறந்தது. மற்றொன்று 'பிக்கேஷ்'. காணாமற்போன ஒன்றைத் தேடி அலைவதை இது குறிக்கும். தந்தையின் காணாமற்போன கழுதைகளைச் சவுல் தேடிச் சென்ற நிகழ்வில் (1 சாமுவேல் 9) இச்சொல் வருகிறது. கடவுளின் முகத்தைத் தேடுதல் என்ற வழக்கிலும் இதுவே வரும்.

எரேமியா 29:13 இவ்விரு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் கொண்டுள்ளது. முழு இதயத்தோடு தேடுவோர் தம்மைக் கண்டடைவர் என்று கடவுள் வாக்களிப்பதாக அவ்வசனம் கூறுகிறது. இதயம் என்பது எபிரேய வழக்கில் உணர்ச்சிக்கு மட்டும் உரிய இடம் அன்று. சிந்தனையும் முடிவெடுக்கும் உறுதியும் அங்குதான் உள்ளன. எனவே முழு இதயத்தோடு தேடுதல் என்பது மனம் உருகுதல் மட்டுமன்று. அறிவாலும் உறுதியாலும் தேடுவதும் அதில் அடங்கும்.

பழைய ஏற்பாட்டில்

எரேமியாவின் மடல்

மேற்கண்ட வாக்குறுதி ஒரு மடலில் இடம்பெறுகிறது. கி.மு. 597-இல் பாபிலோனியர் எருசலேமிலிருந்து பலரை நாடு கடத்தினர். அவர்களுக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதி அனுப்பிய மடல் அது. நாடு கடத்தப்பட்டோர் விரைவில் ஊர் திரும்ப விரும்பினர். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்பவர் அறிவித்ததை எரேமியா 28-ஆம் அதிகாரம் கூறுகிறது. மக்கள் கேட்க விரும்பிய செய்தி அதுவே.

எரேமியாவின் மடல் அதற்கு நேர்மாறானது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த நகரின் நலனுக்காக வேண்டுங்கள், 70 ஆண்டுகள் நிறைவேற வேண்டும் என்று அது சொன்னது. இதற்குப் பின்னரே, தேடினால் கண்டடைவீர்கள் என்ற வாக்கு வருகிறது. கோவிலும் பலிபீடமும் இல்லாத அயல்நாட்டிலும் கடவுளைத் தேட முடியும் என்பது இம்மடலின் ஆறுதல். விரும்பிய விடை கிடைக்கும் என்ற உறுதியை மட்டும் அது தரவில்லை.

ஆமோஸின் எச்சரிக்கை

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வட நாடான இஸ்ரயேலில் பேசிய ஆமோஸ், கடவுளைத் தேடுவதையும் வழிபாட்டிடங்களைத் தேடுவதையும் பிரித்துக் காட்டினார். பெத்தேல், கில்கால், பெயேர்செபா ஆகியவை அக்காலத்தில் புகழ்பெற்ற வழிபாட்டிடங்கள். அவற்றை நாடிச் செல்ல வேண்டாம், கடவுளை நாடி வாழுங்கள் என்பது அவர் செய்தி (ஆமோஸ் 5). அதே அதிகாரத்தில் நன்மையைத் தேடுமாறும், நகர வாயிலில் நீதியை நிலைநாட்டுமாறும் அவர் கேட்கிறார். நகர வாயில் அன்று வழக்குகள் தீர்க்கப்பட்ட இடம். ஏழையை மிதித்து வரி வாங்கிய கையோடு வழிபாட்டுக்கு வருவது தேடலாகாது என்பதே இதன் கருத்து. நாள்தோறும் கடவுளைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டே கூலியாட்களை ஒடுக்குவோரை எசாயா 58-ஆம் அதிகாரமும் கண்டிக்கிறது.

யோசியா அரசர்

எட்டு வயதில் யூதாவின் அரியணை ஏறிய யோசியா, தம் ஆட்சியின் எட்டாம் ஆண்டில், அதாவது ஏறத்தாழ 16 வயதில், கடவுளைத் தேடத் தொடங்கினார் என்று 2 குறிப்பேடு 34 கூறுகிறது. ஆட்சியின் பதினெட்டாம் ஆண்டில் கோவிலைப் பழுதுபார்த்தபோது திருச்சட்ட நூல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதை வாசிக்கக் கேட்ட அரசர் தம் உடைகளைக் கிழித்துக்கொண்டார். நாடு அச்சட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. குல்தா என்ற பெண் இறைவாக்கினரிடம் ஆளனுப்பி மேலும் விசாரித்தார். பத்து ஆண்டுத் தேடலின் பயனாக அவர் முதலில் கண்டது தம் நாட்டின் குற்றத்தைத்தான்.

புதிய ஏற்பாட்டில்

கேளுங்கள், தேடுங்கள், தட்டுங்கள் என்று இயேசு மலைப்பொழிவில் கற்பித்தார் (மத்தேயு 7). இவ்வினைகள் கிரேக்க மூலத்தில் தொடர்ந்து செய்துகொண்டிருப்பதைக் குறிக்கும் வடிவில் உள்ளன. ஒரு முறை தட்டிவிட்டுத் திரும்பிவிடுவதை இது குறிக்கவில்லை.

தேடுபவரின் நோக்கத்தை நற்செய்தி நூல்கள் பல நிகழ்வுகளில் எடுத்துக்காட்டுகின்றன.

ஞானியரும் ஏரோதும்: மத்தேயு 2-இல் கீழ்த்திசை ஞானியர் குழந்தையைத் தேடி நெடுந்தொலைவு வருகின்றனர். ஏரோது அரசனும் குழந்தையைத் தேடுகிறான். தானும் வணங்க விரும்புவதாக அவன் சொல்கிறான், உள்ளத்திலோ கொலை நோக்கம் இருக்கிறது. மறைநூல் அறிஞர்கள் பிறப்பிடம் பெத்லகேம் என்பதைச் சரியாகச் சொல்கின்றனர், ஆனால் அங்குப் போனதாக நற்செய்தி சொல்லவில்லை. ஒரே செய்தியை வைத்துக்கொண்டு மூன்று வகையினர் மூன்று விதமாக நடந்துகொள்கின்றனர்.

அப்பத்திற்காகத் தேடியோர்: அப்பம் உண்டு நிறைவடைந்ததால்தான் மக்கள் தம்மைத் தேடுகின்றனர் என்று இயேசு யோவான் 6-இல் சுட்டிக்காட்டுகிறார்.

செல்வந்தர்: நிலைவாழ்வைப் பெற என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் ஓடிவந்து முழந்தாளிட்டுக் கேட்டார் (மாற்கு 10). உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு விடை வந்ததும் வருத்தத்தோடு போய்விட்டார். அவர் கேள்வியில் குறை இல்லை, விடையின் விலைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

நிக்கதேம்: யூதத் தலைவர்களுள் ஒருவரான இவர் இரவில் வந்து இயேசுவிடம் கேள்விகள் கேட்டார் (யோவான் 3). பின்னர்ச் சபையில் அவருக்காகத் தயக்கத்தோடு பேசினார் (யோவான் 7). சிலுவைச் சாவுக்குப் பின் ஏராளமான நறுமணப் பொருள்களோடு அடக்கத்திற்கு வந்தார் (யோவான் 19). தேடல் மெதுவாக முதிர்வதற்கு இவர் எடுத்துக்காட்டு.

தேடுவதில் முதல்வர் யார்?

தேடுபவர் கண்டடைவர் என்ற வாக்கு இருக்க, கடவுளைத் தேடுபவர் ஒருவரும் இல்லை என்று பவுல் உரோமையர் 3-இல் எழுதுகிறார். இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பது கிறித்தவ இறையியலில் நெடுநாளைய கேள்வி. கடவுளே முதலில் தேடுகிறார் என்பது பொதுவாகத் தரப்படும் விடை. ஏதேன் தோட்டத்தில் ஒளிந்துகொண்ட மனிதனைக் கடவுள் கூப்பிட்டுக் கேட்கிறார் (தொடக்கநூல் 3). லூக்கா 15-இல் ஆயர் ஆட்டையும், ஒரு பெண் நாணயத்தையும் தேடுகின்றனர். லூக்கா 19-இல் சக்கேயு இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறுகிறார். ஆனால் இழந்துபோனதைத் தேட வந்தவர் இயேசுவே என்று அந்நிகழ்வு முடிகிறது. கி.பி. 387-இல் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்ற அகுஸ்தீன், பல ஆண்டுகள் பல கொள்கைகளில் தாம் தேடியலைந்ததைப் பின்னர் எழுதியபோது, தம்மைக் கடவுள் தேடிய கதையாகவே அதைக் கண்டார்.

தேடியும் காணாத நிலை

தேடுபவர் எல்லாருக்கும் உடனே தெளிவு கிடைக்கும் என்று விவிலியம் சொல்வதில்லை. முன்னே போனாலும் பின்னே போனாலும் கடவுளைக் காண முடியவில்லை என்று யோபு புலம்புகிறார் (யோபு 23). அவருடைய நண்பர்கள் கடவுளுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டு, ஆயத்தமான விளக்கங்களைச் சொல்கின்றனர். நூலின் இறுதியில் கடவுள் குறை கூறுவது அந்த நண்பர்களையே. யோபு சரியானதைப் பேசினார் என்கிறார். நேர்மையான முறையீடும் தேடலின் பகுதியே என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது.

தமிழ்நாட்டில்: எச். ஏ. கிருஷ்ணபிள்ளை

தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் நன்கு அறியப்பட்ட தேடல்களுள் ஒன்று எச். ஏ. கிருஷ்ணபிள்ளையுடையது (1827–1900). திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். 1853-இல் சாயர்புரம் மிஷன் கல்விக்கூடத்தில் தமிழாசிரியர் ஆனார். அவர் அங்குச் சென்றது வேலைக்காக, மதம் மாறுவதற்காக அன்று.

அவருடைய மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. தமிழாசிரியராகச் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகே, 1858-இல், சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்பது அப்போது பெற்ற பெயர். அவருக்கு முன்பே கிறித்தவரான தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனக்கோடி ராஜுவும் அவர் தேடலில் துணையாயினர். நூல்களை வாசிப்பதும் உரையாடுவதும் விவாதிப்பதுமாக அவர் தேடல் நடந்தது. எபிரேயர் 'தராஷ்' என்று குறித்த விசாரணைக்கு இது நெருக்கமானது.

அந்நாளில் திருமுழுக்கு என்பது உள்ளத்தளவில் நின்றுவிடும் முடிவு அன்று. சாதி வழக்கம், உறவினரோடு பந்தி, திருமண உறவு, ஊரில் மதிப்பு ஆகிய அனைத்தையும் அது பாதித்தது. இவற்றை அறிந்தே கிருஷ்ணபிள்ளை முடிவெடுத்தார்.

ஆனால் தாம் கற்ற தமிழை அவர் துறக்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி, கம்பரின் காப்பிய நடையில் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். 3700-க்கும் மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட இக்காப்பியம் 1894-இல் நூலாக வெளிவந்தது. பக்திப் பாடல்களின் தொகுப்பான 'இரட்சணிய மனோகரம்' அவருடைய மற்றொரு நூல். கிறித்தவக் கம்பர் என்று அவர் அழைக்கப்படுகிறார். ஆழ்வார் பாசுரங்களிலும் கம்பரிலும் ஊறிய ஒருவரின் ஏக்கமே அவர் பாடல்களிலும் ஒலிக்கிறது. தேடி அடைந்த பின், தேடத் தந்த மொழியையும் அவர் உடன் கொண்டுசென்றார்.

சாது சுந்தர் சிங்

கிருஷ்ணபிள்ளையின் தேடலிலிருந்து வேறுபட்டது சாது சுந்தர் சிங்கின் தேடல். இவர் 1889-இல் பஞ்சாபின் இராம்பூரில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் தாயிடமிருந்து பக்தி நூல்களைக் கற்றார். தாயின் மறைவுக்குப் பின் அமைதி இழந்து, மிஷன் பள்ளியில் தரப்பட்ட நற்செய்தி நூலை 1904 டிசம்பரில் எரித்தார். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 18 அதிகாலையில், கடவுள் தம்மை வெளிப்படுத்தாவிட்டால் இரயில் தண்டவாளத்தில் தலை வைப்பது என்ற முடிவோடு வேண்டினார். இயேசுவின் காட்சியைக் கண்டதாகப் பின்னர்ச் சாட்சி சொன்னார். அவர் எதிர்பார்த்த விடை அது அன்று. குடும்பம் அவரைப் புறந்தள்ளியது. 1905 செப்டம்பர் 3 அன்று, தம் பதினாறாம் பிறந்தநாளில், சிம்லாவில் திருமுழுக்குப் பெற்றுக் காவி உடுத்துச் சாதுவானார். 1918-இல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து பேசினார். 1929-இல் திபெத்தை நோக்கிச் சென்றவர் திரும்பவில்லை. அவர் சொன்ன காட்சிகள் எந்த அளவு நம்பத்தக்கவை என்பது பற்றி 1920-களில் ஐரோப்பிய அறிஞரிடையே பெரும் விவாதம் நடந்தது.

இத்தகைய உயிர்மாய்ப்பு எண்ணம் தேடலுக்கு முன்மாதிரி அன்று. கடவுளுக்குக் கெடு வைக்குமாறு விவிலியமும் கற்பிப்பதில்லை. உள்ளம் அவ்வாறு உடைந்திருப்பவர் நம்பகமானவரிடமும் மருத்துவரிடமும் உதவி கேட்பது முதல் தேவை. சுந்தர் சிங்கின் தேடலை மதிப்பிட உதவுவது, அந்த ஓர் இரவைவிட, அடுத்த 24 ஆண்டுகள் அவர் வாழ்ந்த வாழ்க்கையே.

பாளையங்கோட்டையில் பிறந்த இறையியலாளர் ஏ. ஜே. அப்பாசாமி, பி. எச். ஸ்டிரீட்டரோடு இணைந்து சாதுவைப் பற்றி 1921-இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர்க் கோயம்புத்தூரின் ஆயரானார். தமிழ்ப் பக்தி மரபையும் யோவான் நற்செய்தியையும் ஒப்பிட்டு ஆராய்ந்த அவர், கிறித்தவ வாழ்வைப் பக்தி மார்க்கமாக விளக்கினார்.

உண்மையான தேடலின் அடையாளங்கள்

மேற்கண்ட பகுதிகளிலிருந்து பின்வரும் அடையாளங்களைத் தொகுக்கலாம்.

1. கேள்வியை மறைக்காமை: யோபுவும் நிக்கதேமும் தம் ஐயங்களை வெளிப்படையாகக் கேட்டனர்.
2. விசாரித்து அறிதல்: யோசியா நூலைக் கேட்டதோடு நில்லாமல் மேலும் விசாரித்தார். கிருஷ்ணபிள்ளை ஆண்டுக்கணக்கில் படித்தார்.
3. நீதி: பிறரை ஒடுக்கிக்கொண்டே கடவுளைத் தேட முடியாது என்பதை ஆமோஸும் எசாயாவும் வலியுறுத்தினர்.
4. பொறுமை: எரேமியா சொன்ன காலம் 70 ஆண்டுகள். அம்மடலைக் கேட்டவர்களுள் பலர் அதன் நிறைவைக் காணும்வரை உயிரோடு இருந்திருக்க முடியாது.
5. விடைக்கு இணங்குதல்: மாற்கு கூறும் செல்வந்தர் இங்குதான் திரும்பிப் போனார்.

ஐந்தாவது அடையாளமே மற்ற நான்கையும் சோதிக்கிறது. ஏரோதும் ஆர்வத்தோடுதான் விசாரித்தான். தான் காண்பது தன் அரியணையைத் தொடக்கூடாது என்று மட்டும் அவன் முன்பே முடிவு செய்திருந்தான்.