பவானிபூர் வீதிகள் – 14: மெட்ராஸில் பிறந்த இஸ்பஹானி

கல்கத்தாவின் நேதாஜி பவன் மெட்ரோவில் இறங்கி மேலே வந்தால் எல்ஜின் ரோடு. பலகையில் லாலா லஜபத் ராய் சரணி என்றிருக்கும். டாக்சிக்காரரிடம் எல்ஜின் ரோடு என்றால்தான் புரியும். அந்த முனையிலிருந்து தெற்கே போவது அசுதோஷ் முகர்ஜி ரோடு. முதல் தெருவில் சுபாஷ் போஸ் வீடு, அடுத்ததில் சியாமா பிரசாத் முகர்ஜி வீடு. ஒரு காலத்தில் இந்த இரண்டு வீட்டிலும் அடிபட்ட பெயர் இஸ்பஹானி.

மிர்சா அபுல் ஹசன் இஸ்பஹானி 1902இல் நம்ம மெட்ராஸில் பிறந்தவர். பூர்வீகம் பாரசீகத்து இஸ்பஹான். வியாபாரத்துக்காக 1820இல் பம்பாய்க்குக் கப்பலேறிய குடும்பம், பிறகு கல்கத்தா, மெட்ராஸ் என்று கிளை விட்டது. இவர் கேம்பிரிட்ஜில் படித்து, பாரிஸ்டர் பட்டம் வாங்கி, கடைசியில் கல்கத்தாவில் குடும்பத் தொழிலுக்கே வந்து சேர்ந்தார். கூடவே அரசியல்: மாநகராட்சி, வங்காளச் சட்டசபை, முஸ்லிம் லீக். ஜின்னாவும் இவரும் 1936 முதல் 1948 வரை எழுதிக்கொண்ட கடிதங்கள் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன.

எல்ஜின் ரோட்டுக் கதை இது: 1940இல் கல்கத்தா மாநகராட்சியில் போஸ் அணியும் இஸ்பஹானியின் லீகும் கைகோத்தன. லீகின் அப்துர் ரஹ்மான் சித்திக்கி மேயரானார். இன்று இதைச் சொன்னால் இரண்டு பக்கத்து ஆட்களும் முகம் சுளிப்பார்கள். நடந்தது நடந்ததுதான்.

அசுதோஷ் முகர்ஜி ரோட்டுக் கதை வேறு. 1942இல் ஜப்பான் படை வந்தால் அரிசி கிடைக்கக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் அரசு நெல்லை வாங்கி அப்புறப்படுத்தியது. அந்தக் கொள்முதலுக்கு முதல் ஏஜெண்ட் இஸ்பஹானி கம்பெனி. கூச்சல் எழுந்ததும் இன்னும் சிலரைச் சேர்த்தார்கள். 1943இல் சுஹ்ரவர்தி உணவு வழங்கல் மந்திரியானபோது மறுபடி அதே கம்பெனி. லீக் ஆட்சி, லீக் பிரமுகரின் கம்பெனி. தெருவிலோ கஞ்சித் தண்ணீருக்குக் கையேந்தும் கூட்டம். சியாமா பிரசாத் விடவில்லை, சட்டசபையில் போட்டுத் தாக்கினார். அந்த வங்காளப் பஞ்சத்தில் செத்தவர்கள் 15 லட்சம் என்றது விசாரணைக் கமிஷன். பின்னால் வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை போகிறார்கள். ஒரு கம்பெனியால் வந்த பஞ்சமில்லை அது. பர்மா அரிசி நின்றது, புயல் அடித்தது, யுத்தம், விலையேற்றம் எல்லாம் சேர்ந்தது. ஆனாலும் பசித்தவன் ஞாபகத்தில் நிற்பது மூட்டை மேலிருந்த பெயர்தானே.

1946இல் கல்கத்தாவில் ஓரியண்ட் ஏர்வேஸ் தொடங்கியவர்களில் இஸ்பஹானி குடும்பமும் உண்டு. அதுதான் பிறகு பாகிஸ்தானின் பி.ஐ.ஏ.வுக்குள் கலந்தது. மறு வருஷம் தேசப் பிரிவினை. வெளியுறவு இலாகாவில் ஒருநாள்கூட வேலை பார்க்காத இந்த வியாபாரியை ஜின்னா வாஷிங்டனுக்கு அனுப்பினார். பாகிஸ்தானின் முதல் அமெரிக்கத் தூதர்! 1952வரை அங்கே, அப்புறம் லண்டனில் ஹை கமிஷனர், கொஞ்ச காலம் மந்திரி, எழுபது வயது தாண்டி 1973இல் காபூலில் தூதர். 1981இல் கராச்சியில் காலமானார். பிற்பாடு அதே வாஷிங்டன் நாற்காலியில் உட்கார்ந்த உசேன் ஹக்கானி இவருடைய பேத்தியின் கணவர்.

கம்பெனி 1947இலேயே சிட்டகாங்குக்குப் போய்விட்டது. டாக்காவிலிருந்து வரும் நண்பர் ஒருவர் எனக்குத் தவறாமல் இஸ்பஹானி தேயிலை பாக்கெட் கொண்டுவருவார். நல்ல திடம், பால் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். போன தடவை டிகாஷன் இறங்கும்போது பக்கத்து வீட்டுத் தாத்தா வந்தார், வங்காளி, தொண்ணூறை நெருங்குகிறவர். பாக்கெட்டைத் திருப்பிப் பெயரைப் படித்தார். கீழே வைத்துவிட்டு, "எனக்கு வேண்டாம்ப்பா, வெந்நீர் போதும்" என்றார்.

(தொடரும்)