முடித்த நூலுக்கு மூன்று வரி

படித்து முடிக்கும்வரை ஒரு நூலின் தரம் தெரியாது. விலையையோ முன்பே கொடுத்துவிடுகிறோம். இத்தகையவற்றை ‘அனுபவப் பண்டங்கள்’ என்று பொருளியல் வகுப்பில் கற்பித்தேன். விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் நல்ல சரக்கும் விலைபோகாது என்பதை 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். பின்னட்டைப் புகழுரை இந்த இடைவெளியை நிரப்பாது. விற்பனையில் ஆதாயமில்லாத சக வாசகரின் மூன்று வரிக் கருத்து நிரப்பும்.

நான் வசிக்கும் திருமுடிவாக்கத்தில், தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு 300 ரூபாய் நூல் ஏமாற்றமளித்தால் அது சிறிய இழப்பன்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். அந்த நூலகங்களின் வாசகர் வட்டங்களில், அண்மையில் முடித்த நூல் யாருக்கு உதவும், எங்கே சலிப்பூட்டியது என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். பாராட்டு மட்டும் போதாது. குறையையும் சொன்னால்தான் அடுத்தவரின் பணமும் பொழுதும் மிஞ்சும்.